வாயில் நுழையாத வார்த்தையா? வாலைப் பிடிங்க!

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் வார்த்தை விளையாட்டுதான். மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர் நீளமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதைவிட நீளமாகச் சொல்ல வேண்டும். இதில் என் அண்ணன்தான் நிரந்தர சாம்பியன். எம்.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் ஆச்சே! 28 எழுத்து வார்த்தையை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பான் பாருங்க...

அந்த அண்ணன் ஒரு ராத்திரி மூன்றே எழுத்தில் சறுக்கினான்.

மணி பதினொன்று இருக்கும். சர்க்கரை நோயாளியான அப்பாவுக்குத் திடீரென்று தொப்பலாக வேர்க்கிறது. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. அம்மா பதறிப்போய்ப் பாலில் நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டு ஓடி வருகிறார். அண்ணன் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டுகிறான். அதில் 'ஹைப்போகிளைசீமியா' என்று இருக்கிறது.

"அம்மா, நிறுத்து! கிளைசீமியான்னா சுகர். சுகர் ஏறிப்போச்சுன்னு போட்டிருக்கு. இனிப்பைக் கொடுத்துக் கொன்னுடாதே!"

அம்மா டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா ரிட்டயர்டு நர்ஸ். சத்தம் கேட்டு வந்தவர், அப்பாவைப் பார்த்ததுமே, "ஐயையோ, இது சுகர் இறங்கினது! சர்க்கரைத் தண்ணி கொண்டாங்க" என்றார். கால் மணி நேரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்து, "எதுக்குடா எல்லாரும் சுத்தி நிக்கறீங்க?" என்று கேட்டார்.

அண்ணனுக்கு வார்த்தைகள் தெரியும். வார்த்தையைப் பிரிக்கத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால்தான் இந்தப் பாடம். பயப்படாதீங்க, விளையாட்டாகவே ஆரம்பிக்கலாம்.

ராட்சசர்கள் அணிவகுப்பு

முதலில் அண்ணனின் 28 எழுத்து. 'ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்ட்டேரியனிசம்'. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசாங்கத்துக்கும் இங்கிலாந்து திருச்சபைக்கும் இருந்த தொடர்பைத் துண்டிக்கணும் என்று ஒரு கூட்டம் சொன்னது. 'கூடவே கூடாது' என்று எதிர்த்தவர்களின் கொள்கைதான் இந்த வார்த்தை.

இதைவிட ஒரு எழுத்து கூடுதல், 'ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்'. 29 எழுத்து. ஒரு விஷயத்தை 'தூ, இது ஒண்ணுக்கும் லாயக்கில்லை' என்று ஒதுக்குவதற்குப் பெயர். லத்தீனில் அற்பம் என்று பொருள் தரும் நாலு சொற்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தது. அவற்றில் ஒன்றுக்குக் கம்பளித் துணுக்கு என்று பொருள், இன்னொன்றுக்கு ரோமம். 'மயிரளவு' என்று நாம் சொல்வதில்லையா, அதே சமாசாரம்தான்!

எல்லாவற்றுக்கும் பெரியண்ணன் 45 எழுத்து. 'நியூமோனோ அல்ட்ரா மைக்ராஸ்கோபிக் சிலிக்கோ வால்கேனோ கோனியோசிஸ்'. மூச்சு வாங்கக்கூடாதே என்று நான் பிரித்து எழுதியிருக்கிறேன். நிஜத்தில் இது ஒரே வார்த்தை. எரிமலையிலிருந்து வரும், கண்ணுக்கே தெரியாத சிலிக்கா தூசியைச் சுவாசித்ததால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள்.

இதை உருவாக்கியது டாக்டர் இல்லை! அமெரிக்காவில் 'நேஷனல் பஸ்லர்ஸ் லீக்' என்று புதிர்ப் பிரியர்களின் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் என்பவர், 1935-ல், நீளத்துக்காகவே தைத்த வார்த்தை இது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரைக்கும் ஏறிவிட்டது.

வார்த்தைதான் விளையாட்டு, நோய் விளையாட்டில்லை. டாக்டர்கள் இதை 'சிலிக்கோசிஸ்' என்று ஒன்பதே எழுத்தில் முடித்துவிடுவார்கள். கல் உடைக்கிற இடத்திலும் குவாரியிலும் பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாக்கிவிடும். அந்தத் தழும்பை ஆற்ற மருந்து இல்லை. தூசி உள்ளே போகாமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

பள்ளிக்கூட இலக்கணம் ஞாபகம் இருக்கா?

இந்த ராட்சசர்களைக் கூர்ந்து பாருங்கள். ஒன்றுகூட ஒரே வார்த்தை இல்லை. குட்டிக் குட்டி வார்த்தைகளைக் கோத்த ரயில் வண்டி.

தமிழ் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதினோமே... 'படித்தான்' என்பதைப் பிரித்தால் படி, த், த், ஆன். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறு உறுப்பு. பத்து மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அதே வித்தைதான் இங்கேயும் கைகொடுக்கும். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கம், லத்தீன் மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றுக்கும் தலை, உடல், வால் என்று மூன்று உறுப்பு.

நடுவில் ஒட்டுப் போட ஒரு 'ஓ' வரும். கார்டி-ஓ-லஜி, கேஸ்ட்ர்-ஓ-ஸ்கோபி. இந்த 'ஓ'வுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. நம்ம சாரியை மாதிரி! பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் வால் வந்தால் இந்த 'ஓ' காணாமல் போய்விடும். கேஸ்ட்ர், ஐடிஸ் சேர்ந்தால் கேஸ்ட்ரைடிஸ். பார்த்தீங்களா, நம்ம புணர்ச்சி விதி கிரேக்கர் வீட்டிலும் இருக்கிறது!

முதல் பாடம்: வாலைப் பிடி

தமிழில் விகுதியைப் பார்த்தாலே ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்று தெரிந்துவிடும். மருத்துவச் சொல்லிலும் வாலைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆகவே முன்னாலிருந்து படித்துத் திணறாதீங்க. பின்னாலிருந்து ஆரம்பியுங்கள்.

- ஐடிஸ்: அழற்சி, அதாவது வீக்கமும் எரிச்சலும்
- ஸ்கோபி: உள்ளே பார்ப்பது
- எக்டமி: வெட்டி எடுத்துவிடுவது
- ஆஸ்டமி: புதிதாக ஒரு வாய் திறப்பது
- கிராம்: பதிவு செய்த படம்
- லஜி: படிப்பு
- ஆல்ஜியா: வலி
- மெகலி: பெரிதாகி இருப்பது
- பீனியா: குறைவு
- ஈமியா: ரத்தத்தில்
- யூரியா: சிறுநீரில்

பெருங்குடலுக்கு இங்கிலீஷில் 'கோலன்'. இப்போது மூன்று வார்த்தைகள். கொலோனோஸ்கோபி, கொலெக்டமி, கொலாஸ்டமி. காதில் விழும்போது மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் முதலாவது, குழாயை விட்டு உள்ளே பார்ப்பது. இரண்டாவது, பெருங்குடலையோ அதில் ஒரு பகுதியையோ வெட்டி எடுப்பது. மூன்றாவது, வயிற்றில் துளை போட்டு மலம் வெளியேற வழி செய்வது. "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க, ஸ்கோபி பண்ணணும்" என்று டாக்டர் சொன்னதை ஆபரேஷன் என்று நினைத்து, ராத்திரி முழுக்க அழுத குடும்பங்கள் உண்டு. வாலைப் பிடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

இரண்டாம் பாடம்: தலை பத்திரம்!

வால் செய்தியைச் சொல்லும். தலையோ செய்தியையே தலைகீழாக மாற்றிவிடும். எங்கள் அண்ணன் விழுந்த பள்ளம் இதுதான்.

- ஹைப்போ: குறைவு
- ஹைப்பர்: அதிகம்
- டேக்கி: வேகம்
- பிராடி: மந்தம்
- அன்: இல்லை
- சூடோ: போலி

ஹைப்போவும் ஹைப்பரும் டெலிபோனில் கேட்டால் ஒன்று போலவே இருக்கும். அதனால் தமிழிலேயே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்'போ' என்றால் 'போச்சு', குறைஞ்சு போச்சு. ஹைப்'பர்' என்றால் 'பெருக்கம்'. குழந்தைகளுக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் ஆயுசுக்கும் மறக்காது.

'கிளைக்' என்றால் இனிப்பு. 'ஈமியா' ரத்தத்தில். ஆக, ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோனது. சர்க்கரை நோயாளிக்கு அளவு 70-க்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை மணி. வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, உளறல் எல்லாம் வரும். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அளவு ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுக்கலாம். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நேராக ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு தலை, 'ஹைப்பர்டென்ஷன்'. இதில் ஏமாறாதவர் குறைவு. "எனக்கு எந்த டென்ஷனும் இல்லையே டாக்டர், நிம்மதியாத்தானே இருக்கேன், எப்படி ஹைப்பர்டென்ஷன்?" என்பார்கள். இங்கே டென்ஷன் என்பது மனக்கவலை இல்லை, ரத்த அழுத்தம். புத்தர் மாதிரி சாந்தமாக இருப்பவருக்கும் ரத்த அழுத்தம் ஏறலாம். 'மனசு நல்லா இருக்கு, மாத்திரை எதுக்கு?' என்று நிறுத்திவிடுவது ஆபத்து.

மூன்றாம் பாடம்: உடலை நிரப்பு

நடுவில் வருபவை பெரும்பாலும் உறுப்புகளின் பெயர்கள். சில தெரிந்தால் போதும்.

- கார்டியோ: இதயம்
- ஹெபட்டோ: கல்லீரல்
- ஸ்ப்ளீனோ: மண்ணீரல்
- கேஸ்ட்ரோ: இரைப்பை
- என்டரோ: குடல்
- நெஃப்ரோ: சிறுநீரகம்
- நியூமோ: நுரையீரல்
- என்செஃபலோ: மூளை
- ஆஸ்டியோ: எலும்பு
- ஆர்த்ரோ: மூட்டு
- ஹீமோ, ஹீமட்டோ: ரத்தம்
- ஓட்டோ: காது
- ரைனோ: மூக்கு
- லாரிங்கோ: குரல்வளை
- கோலி: பித்தம்
- சிஸ்ட்: பை

இப்போது ஒரு கை பார்ப்போமா?

'ஓட்டோரைனோலாரிங்காலஜி'. 19 எழுத்து. காது, மூக்கு, குரல்வளை பற்றிய படிப்பு. அடச்சே, நம்ம இ.என்.டி.! இதில் வரும் ரைனோதான் காண்டாமிருகத்தின் 'ரைனோசரஸ்' என்ற பெயரிலும் இருக்கிறது. மூக்கில் கொம்பு உள்ளது என்று பொருள்.

'த்ராம்போசைட்டோபீனியா'. டெங்கு சமயத்தில் ரிப்போர்ட்டில் எட்டிப் பார்க்கும். த்ராம்போசைட் என்பது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, நாம் சொல்கிற பிளேட்லெட். பீனியா என்றால் கிரேக்கத்தில் வறுமை. பிளேட்லெட்டுக்கு வறுமை வந்துவிட்டது, அதாவது எண்ணிக்கை குறைந்துவிட்டது.

'சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம்'. 30 எழுத்து. இது புதிருக்காகத் தைத்தது இல்லை, நிஜமான மருத்துவச் சொல். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் சுரப்பிகள்தான் பாராதைராய்டு. ரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பது அவற்றின் வேலை. அவை சரியாகச் சுரக்காவிட்டால் கால்சியம் குறையும். அது 'ஹைப்போ'. சுரந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காவிட்டாலும் கால்சியம் குறையும். அது போலி, 'சூடோ'. உடல்வாகு மட்டும் அந்தப் போலி மாதிரியே இருந்து, குள்ளமாக, சில விரல்கள் குட்டையாக இருந்து, ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருந்தால்? போலிக்கும் போலி! 1952-ல் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க டாக்டரும் கூட்டாளிகளும் இப்படி ஒரு பெயரை வைத்தே விட்டார்கள்.

பலகையில் ஜெயிப்பது எப்படி?

ஸ்க்ராபிள் ஆடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வேலை இல்லாமல் இருந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930-களில் உருவாக்கிய விளையாட்டு இது. எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று செய்தித்தாள்களில் எண்ணி எண்ணியே மதிப்பெண் போட்டார்.

பலகை 15-க்கு 15 கட்டம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பெயர் 'ஸ்ஃபிக்மோமானோமீட்டர்'. 16 எழுத்து. ஒரு எழுத்து வெளியே தொங்கும்! பித்தப்பையை எடுக்கும் 'கோலிசிஸ்டெக்டமி'யோ, பித்தம், பை, வெட்டி எடுத்தல் என்று கச்சிதமாக 15 எழுத்து. ஓரத்திலிருந்து ஓரம் வரை நிற்கும்.

ஆனால் கையில் இருப்பதோ ஏழே கட்டைகள். அதனால் ஜெயிக்க நீளம் வேண்டாம், பொடியன்கள் போதும். 'லிம்ஃப்' என்ற ஐந்தெழுத்துச் சொல், நிணநீர், 15 மதிப்பெண் தரும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற உயிரெழுத்து ஒன்றுகூட அதில் கிடையாது. இதயத் துடிப்பின் 'ரிதம்' என்ற ஆறெழுத்துச் சொல்லிலும் கிடையாது. ஹேங்மேன் விளையாட்டில் இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள், எதிராளி தூக்கில் தொங்குவது நிச்சயம்.

வீட்டிலேயே ஒரு சீட்டுக்கட்டு

பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்குமே, அவற்றைச் சீட்டு அளவுக்கு வெட்டுங்கள். மேலே சொன்ன தலைகளைச் சிவப்பு மையிலும், உடல்களை நீலத்திலும், வால்களைப் பச்சையிலும் எழுதுங்கள். ஆளுக்கு ஏழு சீட்டு. முறை வைத்து ஒரு வார்த்தை அமைக்க வேண்டும். அதன் பொருளைத் தமிழில் சொன்னால்தான் மதிப்பெண். அகராதியில் உள்ள சொல் என்றால் 10. அகராதியில் இல்லை, ஆனால் பொருள் சரியாக வருகிறது என்றால் 5. ஹைப்போவை ஹைப்பர் என்று சொன்னால் மைனஸ் 20! இது எங்கள் வீட்டு விதி. காரணம் உங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் ஜாக்கிரதை

வார்த்தையைப் பிரிக்கத் தெரிந்துவிட்டது என்று ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீங்க! பெயருக்கு ஒரு அர்த்தம், நோய்க்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

'ஓமா' என்று முடிந்தால் பெரும்பாலும் கட்டி. ஆனால் கட்டி எல்லாம் புற்றுநோய் இல்லை. லைப்போமா என்பது சாதாரணமாகத் தொந்தரவு தராத கொழுப்புக் கட்டி. மெலனோமாவோ தோலில் வரும் பொல்லாத புற்றுநோய். கிளாக்கோமா கட்டியே இல்லை, பார்வை நரம்பைப் பாதிக்கும் கண் நோய்.

மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. சதுப்பு நிலத்துக் காற்றால்தான் அந்தக் காய்ச்சல் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். நம்பிக்கை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆகவே, வார்த்தையைப் பிரித்துப் புரிந்துகொள்வது நம் வேலை. என்ன செய்வது என்று சொல்வது டாக்டர் வேலை. பிரிக்கத் தெரிந்தால் ஒரே ஒரு லாபம். டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம். அது சின்ன லாபமா என்ன?

உங்களுக்கு ஒரு டெஸ்ட்

1. ஆர்த்ரால்ஜியா
2. பிராடிகார்டியா
3. ஹெபட்டோஸ்ப்ளீனோமெகலி
4. ஹீமச்சூரியா
5. எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம்

கீழே பார்க்காமல் சொல்லுங்கள்...

விடைகள்: 1. மூட்டு வலி. 2. இதயம் மெதுவாகத் துடிப்பது. 3. கல்லீரலும் மண்ணீரலும் பெரிதாகி இருப்பது. 4. சிறுநீரில் ரத்தம். 5. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த படம், நம்ம இ.இ.ஜி.

ஐந்தும் சரியா? சபாஷ்! நாலு சரி என்றாலும் பரவாயில்லை, சீட்டுக்கட்டை எடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீளமான வார்த்தையைக் கண்டு பயப்படுவதற்கும் விளையாட்டாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஹிப்போபொட்டோமான்ஸ்ட்ரோசெஸ்குவிபெடாலியோஃபோபியா'. 36 எழுத்து. இந்தப் பயம் உள்ளவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆவார், பாவம்!

அண்ணனுக்கு இப்போது இந்த வார்த்தையும் அத்துப்படி. ஆனால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அவன் கையால் எழுதி ஒட்டியிருப்பது அது இல்லை. ஒரு சின்னத் துண்டுச் சீட்டு.

'ஹைப்போ என்றால் போச்சு. அப்பாவுக்குச் சர்க்கரை கொடு.'